இரவல் கொடுத்த பெயர்

அக்ரா
12 செப்டம்பர் 1946

கொம்லா அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நல்லபடியாகத் தூங்கி எழுந்தீர்களா? அண்ணி எழுந்தார்களா? நாலு பிள்ளைகளும் எழுந்தார்களா? நானும் எழுந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கப்பலை விட்டு இறங்கிப் பதினெட்டு நாளாகிறது. பட்டாளம் என்னை விட்டுவிட்டது. ஒரு போர்வை, ஒரு கால்சட்டை, ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் கொடுத்தார்கள். கால்சட்டைக்குள் நம் வீட்டில் பாதிப் பேர் நுழையலாம். புத்தகத்தில் ‘கார்ப்பரல் சேத் கொம்லா அஹியாபோர், நடத்தை மிக நன்று’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்ததும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். தந்திப் பிரிவில் ஏழாம் வகுப்பு முடித்தவனைத்தான் எடுப்போம் என்றபோது, நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு உங்கள் சான்றிதழைக் கொடுத்து, “போடா, இனிமே நீதான் கொம்லா. யாவோன்னு ஒருத்தன் வெங்காயப் பாத்தியில இருக்கான்னு நெனச்சுக்கோ” என்று அனுப்பினீர்களே, அதை நான் மறக்கவில்லை. சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நானும் அப்போதே உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இங்கே வேலை அலுவலகத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். குமாஸ்தா கேட்டான்: “பட்டாளத்துல என்ன வேலை?” கம்பி இழுப்பேன், தந்தி தட்டுவேன் என்றேன். “இங்க யாருக்குத் தட்டப்போற? காக்காய்க்கா?” என்றான். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த வாரம் லாரி ஏறி ஊருக்கு வரலாமென்று இருக்கிறேன். பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வரட்டும்?

உங்கள் பாதம் பணியும் தம்பி,
யாவோ


அன்லோகா
3 அக்டோபர் 1946

தம்பி யாவோவுக்கு,

நாங்கள் எல்லோரும் எழுந்தோம். நீ எழுந்தது கேட்டு உன் அண்ணி வாசலில் நின்று சத்தம் போட்டே அழுதாள். அக்கம்பக்கத்தில் யாரோ செத்துவிட்டதாக நினைத்து ஓடி வந்தார்கள்.

ஆனால் இப்போது வராதே. நீ யுத்தத்தில் ரத்தம் பார்த்தவன். சுத்திகரிப்புச் செய்யாமல் அப்படியே வீட்டுக்குள் கால் வைத்தால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று உனக்கே தெரியும். பூசாரியிடம் கேட்டேன். செம்மறிக் கிடா வேண்டும், ஏழு மூலிகை வேண்டும், உப்பங்கழியில் தண்ணீர் வற்றவும் வேண்டும் என்கிறான். இந்த வருஷம் கழி பொங்கி, பாத்தியெல்லாம் உப்பு. சின்ன வெங்காயம் கடுகளவுகூடத் தேறவில்லை. கிடாவுக்கு நான் எங்கே போவேன்?

அதோடு, வெறுங்கையோடு வந்தால் ஊர் வாயை யார் மூடுவது? தெற்குத் தெரு டோகேயின் மகன் பர்மாவிலிருந்து வந்து பாய் விரித்துப் படுத்தவன்தான், எழுந்திருக்கவில்லை. ‘சோம்பேறிப் படை’ என்று பிள்ளைகள்கூடக் கூப்பிடுகிறார்கள். முதலில் ஒரு வேலையைப் பிடி. பிறகு தலைநிமிர்ந்து வா.

ஒன்று சொல்கிறேன், மனதில் வை. அங்கே யாரிடமும் உன் சொந்தப் பெயரைச் சொல்லாதே. சான்றிதழ் விஷயம் தெரிந்தால் உனக்கும் ஜெயில், எனக்கும் ஜெயில்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்,
கொம்லா


அக்ரா
20 நவம்பர் 1946

அண்ணாவுக்கு,

எல்லோரும் எழுந்தீர்களா? சின்னவளுக்குச் சளி விட்டதா? எனக்கு மழை வந்தால் கால் வலிக்கிறது, மற்றபடி எழுந்தேன்.

நீங்கள் சொன்னபடி ஊருக்கு வரவில்லை. வேலை தேடி என் பட்டாள பூட்ஸ் தேய்ந்தது. ஒரு பெரிய கடைத் துரை என் புத்தகத்தை முழுக்கப் படித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில், “நல்ல தோள்கள்” என்று சொல்லி மூட்டையைக் காட்டினார். தபால் ஆபீசில் தந்தி தட்டச் சொன்னார்கள். அண்ணா, நான் தட்டிய வேகத்துக்கு அங்கே இருந்தவனால் எழுதி எடுக்க முடியவில்லை. பிறகு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். தந்திக் குறியாக வந்தால் எனக்குக் கை தானாக ஓடும். வார்த்தையாக எழுதச் சொன்னால் நாலாம் வகுப்பிலேயே நிற்கிறேன். “ஏழாம் வகுப்பு எங்க படிச்ச, மாட்டுக் கொட்டாய்லயா?” என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஒரு நல்ல சேதி. வடக்கே மலைப்பக்கம் டோகோபே என்ற இடத்தில் சாலை முகாம் வைத்திருக்கிறார்கள். அங்கே கிடங்குக் காப்பாளர் வேலையை யுத்தத்தில் காயம்பட்ட ஒருவருக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பு வேண்டும். மண்வெட்டியும் தாரும் எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற வேலை. குடியிருக்க வீடு உண்டு, கடைசிவரை நிரந்தரம். பரீட்சை கிடையாது, புத்தகத்தையும் சான்றிதழையும் காயத்தையும் மட்டும் பார்ப்பார்கள். ஏப்ரலில் ஆளெடுக்கிறார்கள். அண்ணா, எனக்கென்றே செய்த வேலை இது. உங்கள் சான்றிதழை மறுபடி அனுப்பிவைக்க வேண்டும்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி கோர்க்கோர் அம்மா தினமும், “இன்னைக்கும் கவர்னர் வேலை கெடைக்கலையா?” என்று கேட்டுக்கொண்டேதான் மக்காச்சோளக் கென்கே உருண்டையைத் தட்டில் போடுகிறாள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

தம்பி யாவோ


அன்லோகா
5 ஜனவரி 1947

தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு வெளிச்சமான வருஷமாக இருக்கட்டும். நாங்கள் எழுந்தோம். உன் கடிதம் வந்து நாளாகிறது. யோசித்துப் பதில் எழுத வேண்டியிருந்தது.

சான்றிதழைக் கரையான் ஓரத்தில் அரித்திருக்கிறது. அதைத் தபாலில் விட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காகிதத்தால் எனக்கு இதுவரை ஒரு வாய் அக்ப்ளே களி கிடைத்ததில்லை என்றாலும், என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதனால் இப்படிச் செய்வோம். நீ உன் புத்தகத்தை எனக்கு அனுப்பு. நம் மிஷன் பாதிரியாரின் மைத்துனர் மாவட்ட ஆபீசில் இருக்கிறார். இரண்டையும் சேர்த்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அக்ராவிலிருந்து போகும் ஆயிரம் மனுவில் உன் மனுவை யார் பார்க்கப் போகிறார்கள்?

மனுப் படிவத்தில் நிறையக் கேட்டிருக்கிறார்கள். காயம் எந்தக் கால், எந்த இடம், எத்தனை விரல் அகலம், எந்த ஆற்றங்கரை, மேலதிகாரி பெயர், எந்த ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் விளக்கமாக எழுது. நீ எழுதுவதை வைத்துத்தான் நான் நிரப்ப வேண்டும். எதையும் விடாதே.

உன் அண்ணி உன்னைக் கேட்டாள்.
கொம்லா


அக்ரா
19 ஜனவரி 1947

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் எழுந்தீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று இரண்டு உருண்டை அதிகமாகத் தின்றேன். எனக்கு அப்பா இல்லாத குறையை நீங்கள் ஒருநாளும் தெரியவிட்டதில்லை.

நம் பக்கத்துக் கேட்டா ஊருக்கு லாரி ஓட்டும் மென்சா கையில் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். கையில் வாங்கியதும் ஒரு வரி எழுதுங்கள்.

காயம் இடது தொடையில், வெளிப்பக்கம். முழங்காலுக்கு மேல் நாலு விரல் தள்ளி. குண்டு நுழைந்த இடம் அவரைக்கொட்டை அளவு, வெளியே வந்த இடம் மாங்கொட்டை அளவு. பர்மாவில் கலாடன் ஆற்றங்கரையில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது பட்டது. என்னைத் தூக்கிப் போனவர் கேப்டன் விட்டேக்கர். சிவந்த மீசை, திக்கித் திக்கிப் பேசுவார். அடுத்த மாதமே அவர் செத்துப்போனார். சிட்டகாங் ஆஸ்பத்திரியில் ஒன்பது வாரம் கிடந்தேன்.

படிவத்தில் எழுதாதீர்கள், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். என்னைச் சுட்டது எதிரி இல்லை. காவலுக்கு நின்ற நம் ஆள். புதர் அசைந்தது, பயந்து சுட்டுவிட்டான். பத்தொன்பது வயது. என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். எதிரி சுட்டதாக நானே சொல்லிவிட்டேன். இது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

வேலை கிடைத்ததும் கிடாவுக்கு நான் பொறுப்பு.
யாவோ


அக்ரா
28 பிப்ரவரி 1947

அண்ணாவுக்கு,

எழுந்தீர்களா? ஐந்து வாரமாக ஒரு சொல்லும் இல்லை. புத்தகத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாக மென்சா சத்தியம் செய்கிறான். மனு போய்விட்டதா? மைத்துனர் என்ன சொன்னார்?

கடற்கரையில் படகுச் சரக்கு இறக்கப் போகிறேன். அலையில் நின்று சுமப்பதால் கால் வீங்குகிறது. புத்தகம் இல்லாமல் வேலை அலுவலக வரிசையிலும் நிற்க விடுவதில்லை. “பட்டாளத்தான்னு யார் வேணா சொல்லலாம்” என்கிறான் குமாஸ்தா. ஏப்ரல்வரை எப்படியோ தாக்குப்பிடித்துவிடுவேன். ஒரு வரி எழுதுங்கள் போதும்.

யாவோ


அன்லோகா
15 மார்ச் 1947

தம்பி யாவோவுக்கு அண்ணி அஃபி எழுதுவது.

நீங்கள் எழுந்தீர்களா? இங்கே உங்கள் அண்ணனைத் தவிர எல்லோரும் எழுந்தோம். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் அவர் கொல்லன் அக்பேகோவின் பட்டறைக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு பேர் தாங்கிப்பிடித்து வந்தார்கள். இடது தொடையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சின்ன ஓட்டை, மறுபக்கம் என் உள்ளங்கைக்குழி அளவு. “படகு ஆணி குத்திடுச்சுன்னு சொல்லு, வேற எதுவும் கேக்காத” என்கிறார். படகு ஆணி எந்த ஊரில் சூடாக இருக்கிறது? அக்பேகோவிடம் போய்ச் சண்டை போட்டேன். “உன் புருஷன்தான் கடிதாசியக் கையில வச்சிக்கிட்டு, நாலு விரல் அளந்து எடத்தக் காட்டினான். என்னை ஏன் திட்டுற?” என்றான்.

காய்ச்சலில் கிடக்கிறார். சீழ் நாற்றத்தில் வீட்டில் நிற்க முடியவில்லை. அதற்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துச் சலாம் போடப் பழகிக்கொண்டிருந்தார். சிவப்பு மீசை, திக்குவாய் என்று ஏதோ மனப்பாடம் செய்துகொண்டே இருக்கிறார். பேய் பிடித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கு இதில் ஏதாவது புரிகிறதா?

பட்டாளத்துக்காரர்களிடம் காயத்துக்குத் தூவும் வெள்ளைத் தூள் இருக்குமாமே. கொஞ்சம் அனுப்புங்கள். கால் போய்விட்டால் நாலு பிள்ளைகளோடு நான் எங்கே போவேன்?

அஃபி


அக்ரா
22 மார்ச் 1947

அண்ணாவுக்கு,

எழுந்தீர்களா என்று கேட்கமாட்டேன். எழவில்லை என்று தெரியும்.

இந்தக் கடிதத்தோடு தூள் வருகிறது. என் கூட்டாளி ஒருவனிடம் என் பூட்ஸைக் கொடுத்து வாங்கினேன். காயத்தை உப்பு வெந்நீரில் கழுவி, காலையும் மாலையும் தூவ வேண்டும். ஈ உட்காரக் கூடாது. முதல் மாதம் காலை நீட்டியே வையுங்கள். மடக்கினால் உள்ளே பிய்த்துக்கொள்ளும். எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

என் புத்தகத்தை மென்சாவிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. நீங்கள் எனக்கு ஒரு பெயர் கொடுத்தீர்கள். அதை வைத்து நான் ஆறு வருஷம் செய்ததையெல்லாம் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரலுக்குள் அனுப்புங்கள் அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன்.

யாவோ


டோகோபே சாலை முகாம்
2 மே 1947

தம்பி யாவோவுக்கு,

நான் எழுந்தேன். இங்கே மலைக்காற்று உடம்புக்கு நல்லது. உன் தூளால்தான் கால் தப்பியது. அதற்கு நன்றி சொல்லாமல் இருந்தால் நான் மனிதனில்லை.

வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. கம்பவுண்டர் காயத்தை அமுக்கிப் பார்த்தார், சீழ் வந்தது. “பர்மாக் காயம் இப்படித்தான், ஆறின மாதிரி இருக்கும், மறுபடி வாயத் தெறந்துக்கும்” என்று அவரே துரையிடம் சொன்னார். கேப்டன் விட்டேக்கர் என்னைத் தோளில் தூக்கிப் போனதைச் சொன்னபோது துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது.

நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. ஆனால் யோசித்துப் பார். பெயர் யாருடையது? படித்துப் பாஸ் செய்தது யார்? அப்பா செத்த மறுநாளே என்னைப் பாத்தியில் இறக்கிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை நான் ஒருநாளும் அனுபவிக்கவில்லை. நீ ஆறு வருஷம் போட்டுக்கொண்டு உலகம் சுற்றினாய், பட்டாளத்துச் சோறு தின்றாய். இரவல் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். உனக்கு ஒரு வயிறு, எனக்கு ஆறு. காயம் உனக்குச் சும்மா கிடைத்தது. நான் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு வாங்கினேன்.

உன்னைச் சுட்டது யார் என்ற ரகசியத்தை யாரிடமும் சொல்லமாட்டேன். இனிமேல் அது என் பெயருக்கும் நல்லதில்லை.

சாலைக்குக் கல் உடைக்க ஆள் எடுக்கிறார்கள். உன் சொந்தப் பெயரிலேயே வா. படிப்பு, புத்தகம் எதுவும் கேட்கமாட்டார்கள். வந்தால் எல்லோர் முன்னாலும் என்னைக் கார்ப்பரல் என்று கூப்பிடு. இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

உன் அண்ணன்,
சேத் கொம்லா அஹியாபோர்


அன்லோகா
30 மே 1947

தம்பிக்கு,

எழுந்தீர்களா? நாங்கள் எழுந்தோம்.

நீங்கள் துரையிடம் புகார் சொல்ல மலைப்பக்கம் போகப்போவதாக மென்சா சொன்னான். தம்பி, போகாதீர்கள். பெரியவனை மிஷன் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். கடைசிக் குழந்தைக்குப் பால்மாவு வாங்குகிறேன். உங்கள் அண்ணன் செய்தது பாவம்தான். அந்தப் பாவத்தைத்தான் நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம்.

நான் மார்ச்சில் எழுதிய கடிதத்தை எரித்துவிடுங்கள். யாராவது வந்து கேட்டால், அப்படி எதுவும் எழுதவில்லை என்றுதான் சொல்வேன். யுத்தத்துக்குப் போனது என் புருஷன்தான் என்றும் சொல்வேன். என்னைச் சபிக்காதீர்கள்.

அஃபி


டோகோபே சாலை முகாம்
17 ஆகஸ்ட் 1947

அண்ணிக்கு,

எல்லோரும் எழுந்தீர்களா? பெரியவன் பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகிறானா? நான் எழுந்தேன். அண்ணனும் எழுந்தார்.

உங்கள் கடிதம் அக்ராவுக்கு வந்து சேருவதற்குள் கிளம்பிவிட்டேன், கோர்க்கோர் அம்மாதான் அதை இங்கே அனுப்பிவைத்தாள். மன்னியுங்கள். வந்திருந்தாலும் போயிருப்பேன். உங்கள் மார்ச் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. அண்ணன் மே மாதம் எழுதியதைப் படித்த ஆத்திரத்தில், அதையும் சேர்த்து அக்ராவிலேயே அடுப்பில் போட்டுவிட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.

துரை என் பேச்சைக் கேட்டார். அதற்குக் குறை சொல்லமாட்டேன். அண்ணனையும் வரவழைத்து, இரண்டு பேரையும் கால்சட்டையைக் கழற்றச் சொல்லி மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். இரண்டு தொடையிலும் ஒரே இடத்தில் காயம். கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். என்னுடையது ஆறி, தோலோடு தோலாகப் போயிருந்தது. அண்ணனுடையது இன்னும் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. “இது காயம். அது ஏதோ பழைய கட்டி வந்த தழும்பு” என்றார்.

கேப்டனைப் பற்றிக் கேட்டார்கள். மீசையையும் திக்குவாயையும் அண்ணன் என்னைவிட நன்றாகச் சொன்னார். நான் சொன்னபோது, அவரைப் பார்த்து ஒப்பிப்பது போல இருந்தது. பிறகு துரை ஆங்கிலத்தில் பத்து வரி சொல்லி இருவரையும் எழுதச் சொன்னார். அண்ணன் தாள் சுத்தமாக இருந்தது. என் தாளைத் தூக்கிக் குமாஸ்தாவிடம் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேசையில் விரலால் தந்தி தட்டினேன். என் நம்பர், என் பிரிவு, ஆற்றங்கரை, அந்த நாள், நான் கடைசியாக அனுப்பிய செய்தி, எல்லாவற்றையும் தட்டினேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை அண்ணி. அந்த அறையில் அதைப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. துரை கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இவன் கை ஏன் இப்படி நடுங்குது?” என்று கேட்டார்.

அப்போது அண்ணன் வாயைத் திறந்தார். “துரை, இவன் என் கூடப்பொறந்த தம்பி. நான் யுத்தத்துக்குப் போனப்ப ஏங்கிப்போயி புத்தி கொஞ்சம் பெசகிடுச்சு. நான் எழுதின கடிதாசியெல்லாம் படிச்சுப் படிச்சு, தான்தான் போனதா நெனச்சுக்கிட்டான். ஜெயில்ல போட்டுறாதீங்க” என்று கும்பிட்டார். துரை என்னிடம், “இப்படி ஒரு அண்ணன் கெடைக்க நீ குடுத்துவச்சிருக்கணும்” என்றார். அண்ணன் பொறுப்பில் என்னை விட்டார்கள். முகாமை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் ஜெயில்.

கல் உடைக்கிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கோர்க்கோர் அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். காலையில் சம்மட்டியை வாங்கக் கிடங்கு வாசலில் நிற்கும்போது, “கார்ப்பரல்” என்று கூப்பிடுகிறேன். முதல் வாரம் வாய் வரவில்லை. அண்ணன் எனக்குக் கொடுக்காமல் நிற்கவைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தார். இப்போது வந்துவிடுகிறது. அவரை வெறுக்கிறேன் என்று உங்களிடம் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இனி எழுதமாட்டேன்.

போன புதன்கிழமை பட்டாளத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. பர்மாப் பதக்கம். ஞாயிற்றுக்கிழமை துரை மிஷன் கோவிலுக்கு வருகிறார், அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அண்ணன் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, “இதை எந்தப் பக்கம் குத்தணும்?” என்று கேட்டார்.

இடது பக்கம் என்று சொன்னேன். அவருக்கு நேராகக் குத்த வரவில்லை. நானே குத்திவிட்டேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யாவோ